ஏலிக்குட்டியின் கிழக்குச் சுவர்

மாதா கோயில் வாசலில் ஏலிக்குட்டி அப்படி வாயை விட்டிருக்க வேண்டாம். வார்டு ஜெபக்கூட்டம் மாசத்துக்கு ஒரு வீடாக நடக்கும். ஏலிக்குட்டியின் வீட்டை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பஞ்சாயத்து உதவியில் கட்டிய வீடு. கூரை வந்தது, கதவு வந்தது, பூச்சு மட்டும் வரவில்லை. சிவப்பு வெட்டுக்கல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. கூட்டத்தை நடத்துகிற தெரேசம்மா சிரித்துக்கொண்டே, “நீ சுவர் பூசுறதுக்குள்ள நாங்க எல்லாரும் கல்லறைக்குப் போயிருவோம் போலிருக்கே?” என்றாள். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். ஏலிக்குட்டிக்குச் சுருக்கென்றது.

“வர்ற வெள்ளிக்கிழமையே வாங்க சேச்சி. முன்னறை பூசியாச்சு.”

எங்கே பூசியாச்சு? ஒற்றை அறைக்கென்று எந்தக் கொத்தனார் மலையேறி வருவான்? சிமென்ட்டும் மணலும் கொண்டுவந்து போட்டுவிட்டு, கரணையை அவளே எடுத்தாள்.

விடியும் முன்பே ரப்பர் மரங்களுக்கு ஓட வேண்டும். பட்டை சீவி, பால் எடுத்து, உறைய வைத்து வீடு திரும்பும்போதே கால் இரண்டும் கெஞ்சும். அதற்கு மேல்தான் சாந்து குழைப்பது. மரத்துக்கு நோகாமல் சீவிப் பழகிய கை அது. சாந்தை வீசி அடிக்க வரவில்லை. வைத்ததில் பாதி அவள் காலிலேயே விழுந்தது.

கட்டிலில் படுத்திருந்த புருஷன் உலகன்னான் பார்த்துக்கொண்டிருந்தான். பலா மரத்திலிருந்து விழுந்து முதுகு போன மனுஷன். கஞ்சி குடித்து முடிக்கும் வரைகூட நிமிர்ந்து உட்கார முடியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

“அடியே, சுவத்துக்கு முத்தமா குடுக்கிறே? ஓங்கி அடி!”

“இச்சாயன் எந்திரிச்சு வந்து அடிங்களேன்.”

“நான் எந்திரிச்சா உன்னை ஏன் அடிக்கச் சொல்றேன்?”

எப்படியோ மூன்று சுவர் முடிந்தது. மேடும் பள்ளமும்தான், ஆனாலும் சுவர் சுவராக இருந்தது. மிச்சம் கிழக்குச் சுவர். மழைச் சாரல் முழுவதையும் வாங்குகிற சுவர்.

“அதுக்கு மட்டும் சாந்தில ரப்பர் பாலை ஊத்திக் குழை. சுவத்துக்கு மழைக்கோட்டு போட்ட மாதிரி ஆயிடும்” என்றான் உலகன்னான்.

வேறு நாளாக இருந்தால் யோசித்திருப்பாள். அன்றைக்கு யோசிக்கவும் தெம்பில்லை. வாளியோடு ஊற்றினாள். பால் சிமென்ட்டைத் தொட்டதும் திரிந்து கட்டி கட்டியாய் நூல்விட்டது. விட்டால் போச்சு என்று அதையே அள்ளி அப்பினாள்.

வியாழக்கிழமை தோட்டத்திலிருந்து வந்து கதவைத் திறந்தால், கிழக்குச் சுவரின் பூச்சு கல்லிலிருந்து உரிந்து தரையில் சுருண்டு கிடந்தது. ஏலிக்குட்டி அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். “படுத்த படுக்கையில இருந்துக்கிட்டே என் பிராணனை எடுக்கிறீங்களே!” உலகன்னான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சுரண்டினாள், நனைத்தாள், மறுபடி பூசினாள். ஓர் ஆள் முதுகளவு இடம் பாக்கி இருக்கையில் சிமென்ட் தீர்ந்துபோயிற்று. இருந்த மூட்டையில் பாதி ரப்பர் பாலோடு போனதுதானே.

வெள்ளிக்கிழமை கப்பைக் கிழங்கை வேகவைத்துவிட்டு, “உடம்பு சரியில்லை, வர வேண்டாம்னு தெரேசம்மாவுக்குச் சொல்லிடப் போறேன்” என்று போனை எடுத்தாள்.

“சொல்லாதே. அந்த நாற்காலியை அங்கே போடு. என் வெள்ளைச் சட்டையை எடு” என்றான் உலகன்னான்.

அவள் தாங்கிப் பிடிக்க, பூசாத இடத்தை முதுகால் மறைத்து உட்கார்ந்தான். ஜெபமாலை முழுக்க, பாட்டு முழுக்க, பிறகு கப்பையும் மீன்குழம்பும் பால் விடாத கட்டன் காப்பியும் முடியும் வரை அப்படியே இருந்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. ஏலிக்குட்டிக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

தெரேசம்மாதான் கவனித்தாள். “பாருங்கடீ, உலகன்னான் எவ்வளவு நேரமா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கான்! வந்த முதல் நாளே ஜெபம் பலிச்சிருச்சு!”

“ஆமா சேச்சி, இப்பத்தான் லேசா இருக்கு” என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

கடைசிக் குடையும் படி இறங்கியது.

“போயாச்சா?”

“போயாச்சு.”

“எல்லாருமா?”

“எல்லாரும் இச்சாயா.”

அப்புறம்தான், “அம்மே!” என்று அலறினான். கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக் கட்டிலில் சாய்த்தாள். சட்டையின் முதுகெல்லாம் வெட்டுக்கல்லின் சிவப்புப் பொடி.

“அடுத்த மாசம் யார் வீட்ல?” என்று முனகினான்.

“தெரேசம்மா வீட்ல. உங்களையும் கூட்டிட்டு வரணுமாம். இன்னொரு ஜெபம் சொன்னா நடந்தே திரும்பிடுவீங்களாம்.”

“சிரிக்க வைக்காதேடி, பாவி. செத்துருவேன்.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து பாத்திரம் கழுவ வேண்டும். எழ முடியாமல் கட்டில் காலில் தலையைச் சாய்த்து அப்படியே தூங்கிப்போனாள்.