உப்பு தின்ற வண்டி

ரோட்னி மிஷோ குளிர்காலம் முழுக்க ஊராட்சி லாரியில் உட்கார்ந்து சாலைக்கு உப்பு போடுகிறவன். நவம்பரில் ஏறினால் ஏப்ரலில்தான் இறங்குவான். முன்னால் கலப்பை பனியைத் தள்ளும், பின்னால் ஐஸ் கரைய உப்பு கொட்டும். உப்பு குறைந்தால் ஊர்க்காரர்கள் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்துவார்கள். கூடினால், வண்டியெல்லாம் துருப்பிடிக்கிறது என்று அதே ஆட்கள் அதே நம்பருக்குக் கத்துவார்கள். மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் இருக்கிற எங்களுக்கு இரண்டும் வேண்டும், வழுக்கவும் கூடாது, துருவும் பிடிக்கக் கூடாது. ரோட்னி இரண்டு கத்தலையும் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும், தான் போட்ட உப்பின் மேலேயே தன் பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

பனி போனால் உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை. நாற்பது தாண்டிவிட்டது. யாராவது உதவி என்று வந்து நின்றால் முடியாது என்று சொல்ல வராது, தனக்கு ஒன்று வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்கவும் வராது. இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்துவது லேசில்லை. கெண்ட்ரா ஏழு வருஷம் நடத்திப் பார்த்துவிட்டு, மகள் மார்லியைக் கூட்டிக்கொண்டு ஐம்பது மைல் தள்ளிப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ரோட்னிக்கு மிச்சம் இருந்தது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மார்லியோடு கழிக்கிற இரண்டு நாள்தான். வெள்ளி சாயங்காலம் போய்க் கூட்டி வருவான். சனிக்கிழமை காலையில் இருவரும் ப்ளாய் என்கிற எங்கள் பக்கத்து மாவு அப்பம் சுடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் வேக வேண்டும், திருப்பக் கூடாது, மேலே ஓட்டை ஓட்டையாக வர வேண்டும். மார்லிக்கு எட்டு வயதுதான், ஆனால் அப்பா சுடுவதில் ஆயிரம் குற்றம் சொல்வாள். வெண்ணெய் தடவிச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டே சொல்வாள். அந்த இரண்டு நாளுக்காகத்தான் அவன் மற்ற நாளெல்லாம் உயிரோடு இருந்தான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

போன வருஷம் இந்த இரண்டு நாளுக்கும் ஆபத்து வந்தது. வருஷாவருஷம் முன்கண்ணாடியில் ஒட்டுகிற சோதனை ஸ்டிக்கர் காலாவதியான வண்டியில் மார்லியை வைத்துக்கொண்டு வரும்போது போலீஸ் நிறுத்திவிட்டது. விஷயம் கெண்ட்ராவின் வக்கீல் காதுக்குப் போய், அங்கிருந்து நீதிபதி மேசைக்கும் போனது. ஸ்டிக்கர் ஒட்டிய, ஓட்டத் தகுதியான வண்டியில் வந்து பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும், முடியாவிட்டால் ராத்தங்கல் கிடையாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதற்குப் பதில், மாவட்ட ஆபீசில் மேசைக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் அப்பா, நடுவில் கடிகாரத்தோடு ஒரு அம்மாள். மாதத்துக்கு ஒரு தடவை.

அதனால் இந்த வருஷம் மார்ச் முடிவதற்குள்ளேயே ரோட்னி வண்டியை ஹார்லனின் கராஜுக்குக் கொண்டுபோனான். ஹார்லன் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன், மாநிலச் சோதனை ஸ்டிக்கர் ஒட்ட லைசென்ஸ் உள்ளவன். வண்டியை லிஃப்டில் ஏற்றி, கீழே போய் நின்று, சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே வந்தான். வண்டியின் முதுகெலும்பே அதுதான். மற்றதெல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருப்பவை. கேபினுக்குப் பின்னால் வந்ததும் சத்தம் மாறியது. இன்னொரு தட்டு தட்டினான். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"டேய் ரோட்னி, இங்க வா. நீயே வந்து பாரு."

ரோட்னி போனான். "கறுப்பா நல்லாத்தானடா இருக்கு?"

"அதான்டா கேடு." ஹார்லன் விரலை நுழைத்து அந்தக் கறுப்புப் பூச்சைப் பிடித்து இழுத்தான். நீளமாக உரிந்து வந்தது. பின்னாலேயே ஈரத் துரு ஒரு கை நிறையக் கொட்டியது. "ரப்பர் பூச்சு அடிச்சியா?"

"ஒவ்வொரு வருசமும் அடிச்சேன். நானே கீழ படுத்து அடிச்சேன்."

"எங்கள மாதிரி எண்ணெய் அடிச்சுத் தொலைச்சிருக்கலாம்ல?"

எங்கள் ஊரில் பனி விழுமுன் எல்லோரும் அடியில் எண்ணெய் அடித்து, மண் ரோட்டில் நாலு சுற்று ஓட்டிப் புழுதியை அப்ப வைப்போம். பார்க்கச் சகிக்காது, வாசலெல்லாம் சொட்டும். ரோட்னிக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை ஏறுகிற வண்டி சுத்தமாக இருக்கட்டும் என்று டப்பா டப்பாவாக ரப்பர் பூச்சு வாங்கி அடித்தான். பூச்சு எங்கோ ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல், வருஷக்கணக்கில் இரும்பைத் தின்றிருக்கிறது. அக்கறை இல்லாதவன் வண்டி இன்னும் ஓடுகிறது, அக்கறையாகப் பார்த்துக்கொண்டவன் வண்டி போய்விட்டது. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"ஒட்ட மாட்டேன்டா," என்றான் ஹார்லன். "கோவிச்சுக்காத."

ரோட்னி அன்றைக்கே வண்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டான். அந்த மாடலுக்குத் துருப்பிடித்த சேசிஸை இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அவர்கள் ஒரு காலத்தில் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அப்போது இவன் குனிந்து பார்த்தான், அடி கறுகறுவென்று பளபளத்தது. நமக்கு எதற்கு, உண்மையிலேயே வண்டி கெட்டுப்போனவனுக்குக் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

"உங்க வண்டிக்கும் அந்தத் திட்டம் இருந்துச்சு சார். காலம் முடிஞ்சிடுச்சு," என்றாள் போனில் வந்த பெண்.

"துருவுக்கு இன்னும் காலம் முடியலையேம்மா."

அவள் பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டாள்.

பனியே விழாத தெற்கு மாநிலத்திலிருந்து துருப்பிடிக்காத பழைய சேசிஸ் வரவழைக்கலாம் என்று கேள்விப்பட்டு அதையும் விசாரித்தான். சேசிஸ் வரும். ஆனால் பழையதிலிருந்து ஒவ்வொரு போல்ட்டையும் கழற்ற வேண்டும், கழற்றப் போனால் எல்லாம் முறியும். வண்டியின் விலையைக் கூலி தாண்டிவிடும் என்றான் ஹார்லன். டவுனில் வாராவாரம் தவணை கட்டி வாங்குகிற பழைய வண்டிக் கடையில் இவன் சக்திக்கு ஏற்றது என்று காட்டிய வண்டிகளுக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்த்தான். மூன்றுக்கும் அதே வியாதி. ஒரு உருளைக்கிழங்கு விவசாயி, என் களத்தில் பனி தள்ள எடுத்துக்கொள்கிறேன், களத்துக்குள் ஓட்ட ஸ்டிக்கர் வேண்டாமே என்றார். அவர் கொடுக்கிறேன் என்றதும் காயலான் கடைக்காரன் கொடுக்கிறேன் என்றதும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை வைத்து இன்னொரு வண்டியின் கதவைக்கூட வாங்க முடியாது.

யாரிடமாவது இரவல் வாங்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பஸ் இல்லாத ஊரில் எவன் வண்டியும் சும்மா நிற்பதில்லை. ஒரு தடவை கொடுப்பார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யார் கொடுப்பார்கள்?

ரோட்னியின் பெரியப்பா மகன் ஜெரார்ட் ஒரு யோசனை சொன்னான். அவனிடம் வெல்டிங் மெஷின் இருக்கிறது, யோசனைக்கும் பஞ்சமில்லை.

"கறுப்ப அடிச்சு மூடி, சோதனையே இல்லாத மாநிலத்துக்காரன் எவன் தலையிலயாவது கட்டிடு."

"அங்கயும் மனுசங்கதானண்ணே இருக்காங்க."

"அப்ப ஒண்ணு பண்ணு. கொண்டா, நான் தகடு வெச்சுப் பத்தவெச்சுத் தரேன். ஒரு வருசம் ஓடும்."

"நிஜமா ஓடுமா?"

"ஓடும்னு வெச்சுக்கயேன்," என்றான் ஜெரார்ட்.

வேறு வழி இருந்திருந்தால் ரோட்னி இந்தப் பதிலைக் கேட்டதும் எழுந்து வந்திருப்பான். வேறு வழி இல்லை. ஜெரார்ட் ஓட்டையின் மேல் தகடு வைத்துப் பற்றவைத்தான். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் நல்ல இரும்பு இல்லை, செதில் செதிலாக உதிர்கிற துரு இரும்பிலேயே பிடிக்க வைத்தான். மேலே கறுப்பு அடித்தான். ரோட்னி அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஹார்லனிடம் போய் நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டான்.

"அந்த மேசைக்கு எதிர்ல உக்காந்து என்னால அவகிட்டப் பேச முடியாதுடா. அவளுக்கும் முடியாது. என்னத்தப் பேசுவோம்? நாங்க பேசறதே இல்லடா, சும்மா சுட்டுத் தின்னுட்டு இருப்போம்." ஸ்டிக்கர் ஒட்டுகிற கண்ணாடியைக் கையால் காட்டினான். "ஒட்டுடா. உன் கால்ல விழறேன்."

ஹார்லன் வண்டியை லிஃப்டில் ஏற்றவே இல்லை. சுத்தியலையும் எடுக்கவில்லை.

"தட்டினா தெரிஞ்சிடும். அதனால தட்டல," என்றான். ஸ்டிக்கரை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினான். "நீ எதுக்குக் கேக்கறன்னு தெரிஞ்சுதான் ஒட்டறேன். நியாயமா, பிள்ள ஏறுற வண்டிங்கறதுக்காகவே ஒட்டக் கூடாது. போடா, என் மூஞ்சில முழிக்காத."

வெள்ளிக்கிழமை வந்தது. ஏப்ரல் பிறந்தால் எங்கள் சாலைகள் அடியிலிருந்த உறைபனி தள்ளித் தள்ளி மேடு மேடாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். ரோட்னி ஒவ்வொரு மேட்டுக்கும் வேகத்தைக் குறைத்து, பிரசவத்துக்கு ஆள் கொண்டுபோகிறவனைப் போல் ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். கெண்ட்ரா இருக்கிற டவுனுக்கு முன்னால் ரயில் பாதை குறுக்கே வரும். அதில் ஏறி இறங்கும்போது பின்னால் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தண்டவாளச் சத்தம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நிறுத்தி இறங்கிப் பார்க்கவில்லை.

மார்லி பையை மாட்டிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வண்டி நிற்பதற்குள் ஓடி வந்து, ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கதவை இழுத்தாள்.

"அப்பா, கதவு மூட மாட்டேங்குது."

"நல்லா இழும்மா."

இரண்டு கையாலும் இழுத்தாள். டங்கென்று இடித்துத் திரும்பி வந்தது. ரோட்னி இறங்கிச் சுற்றி வந்தான். கேபினுக்கும் பின்பாடிக்கும் நடுவில் நாலு விரல் போகிற இடைவெளி எப்போதும் இருக்கும். இப்போது மேல் விளிம்பு இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. சேற்றுப் பனியில் முட்டி போட்டு அடியில் பார்த்தான். ஜெரார்ட் வைத்த தகடு, தான் பிடித்திருந்த இரும்பையும் பிய்த்துக்கொண்டு தொங்கியது.

எழுந்து நின்று கதவை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துத் தள்ளினான். மூடிக்கொண்டது. மார்லி உள்ளே கைதட்டினாள்.

கெண்ட்ரா முதியோர் இல்லத்து நர்ஸ் சீருடையோடு வாசலுக்கு வந்தாள். ராத்திரி வேலை அவளுக்கு. வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தாள். "ஸ்டிக்கர் வாங்கிட்ட போல. நான் எதிர்பாக்கலப்பா, நிஜமா சொல்றேன். நல்லது."

ரோட்னி ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தான். நீதிபதி கேட்டது கண்ணாடியில் இருக்கிறது. தாய் நல்லது என்கிறாள், பிள்ளை பெல்ட் போட்டுத் தயாராக இருக்கிறது, கதவும் மூடிவிட்டது. மெதுவாக ஓட்டலாம். வந்த வேகத்திலேயே போகலாம், வந்தாயிற்றே. இன்னும் அரை நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தால் திருப்பியிருப்பான். அவ்வளவு ஆசை இருந்தது.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினான்.

"கெண்ட்ரா, இதுல அவள ஏத்த முடியாது. அடி உடைஞ்சுபோச்சு."

"ஸ்டிக்கர் இருக்கே?"

"ஸ்டிக்கர் இருக்கு. வண்டி இல்ல. உன் கார்..."

"நான் வேலைக்குப் போகணும் ரோட்னி." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "வக்கீல் கேப்பா. கூட்டிட்டுப் போனாரான்னு கேட்டா நான் பொய் சொல்ல முடியாது. அதுக்கப்புறம் என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவன் மார்லியின் பக்கம் போய், கதவைத் தூக்கித் திறந்து, அவள் பெல்ட்டை அவிழ்த்தான். அவள் அவன் கையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நான் வேகமா இழுத்ததாலயாப்பா?"

"இல்லடா செல்லம்."

"நான் உடைச்சிட்டேனா?"

"நீ உடைக்கல. அப்பாதான் உடைச்சிட்டேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்பா உடைத்ததென்றால் பயமில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப சரி பண்ணுப்பா. அதுவரைக்கும் நான் உள்ளயே உக்காந்திருக்கேன்," என்று சொல்லி, அவன் அவிழ்த்த பெல்ட்டை இழுத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.