சத்தம் போடாத சப்பாத்து

கல்முனை பஜாரில் மகனுக்கு முதல் சப்பாத்து வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் சிவப்புச் சோடி ஒன்றை மாட்டி அவனை நடக்கவிட்டார். முதல் அடியிலேயே அது "கீச்" என்றது.

நான் சிறுமியாக இருந்தபோது சாய்ந்தமருதில் கடலை ஒட்டித்தான் எங்கள் வீடு. அடியில் விசில் வைத்த இதே மாதிரிச் சப்பாத்தோடு தம்பி நடக்கத் தொடங்கியிருந்தான். உம்மா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டே, தலையைத் திருப்பாமல், "கிணத்தடிக்குப் போறான், புடிங்க மகள்" என்பார். அந்தக் கீச்சொலிதான் அவருக்குக் கண்.

கடல் ஊருக்குள் வந்த காலையில் தம்பி அந்தச் சப்பாத்தோடுதான் போனான். அவன் கிடைக்கவேயில்லை.

பிறகு வயல் பக்கம் வீடு மாறினோம். தெருவில் எந்தப் பிள்ளையாவது கீச்சிட்டு நடந்தால், உம்மா கைகூடக் கழுவாமல் ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து நிற்பார். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், பெருநாளைக்குப் புதுச் சப்பாத்து வாங்கினால், கத்தி முனையால் விசிலை நோண்டி எடுத்த பிறகே பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் குழந்தைகள் சத்தமில்லாமல்தான் நடை பழகினார்கள்.

"காக்கா, இதுல விசில எடுத்துத் தாங்க" என்றேன் கடைக்காரரிடம்.

வீட்டில் உம்மா சப்பாத்தை வாங்கி, அடியைப் பெருவிரலால் அமுக்கினார். மறுபடியும் அமுக்கினார்.

"ஏன் மகள், சத்தம் வருதில்ல?" என்றார். "புள்ள எங்க போறான் எண்டு எனக்கு எப்படித் தெரியும்?"