கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி

“...மெதுவா எழும்பட்டும் அண்ணாச்சி, நான் என்ன பிளேனா பிடிக்கப் போறேன்? அவருக்க சத்தம் மட்டும் போவப்பிடாது, சொல்லிட்டேன்!”

போன வெள்ளிக்கிழமை, இராஜாக்கமங்கலத்தில் என் பக்கத்து வீட்டு ரெஜினா சொன்னது. அவள் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய, நான் விண்டோஸ் எக்ஸ்பி சிடியும் கையுமாக நின்றிருந்தேன்.

அவள் கணவர் அருளப்பன் தோஹாவில் வேலை பார்க்கிறார். போகுமுன் ஒரு குறும்பு செய்துவிட்டுப் போனார். இந்தக் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் வழக்கமான இசை வராது. அவர் குரல்தான் வரும் — “ஏட்டி, தின்னியா?”

ஒன்றரை வருஷமாக தினமும் கேட்கிறது. இவளும் பதில் சொல்கிறாள்!

இப்போது வைரஸ் ஏறி, ஆன் செய்துவிட்டு மீன் கழுவி வந்தாலும் திரை முழுதாக எழும்புவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. லீவு நாளில் நிஜ அருளப்பன் வாய்ஸ் சாட்டில் வந்தால், “ரெ... ஜி...” என்று பாதியில் நின்றுவிடுகிறார். பதிந்த குரல் பளிச். உயிருள்ள குரல் துண்டு துண்டு. எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் அடிக்க இதைவிடக் காரணம் வேண்டுமா?

இதைச் சொன்னதும்தான் ரெஜினா இறங்கி வந்தாள். டெஸ்க்டாப்பில் ‘சத்தம்’ என்று ஒரு ஐகான். கிளிக் செய்தால் அருளப்பன் பேசினார். அதை பென் டிரைவில் ஏற்றினேன்.

“உள்ள ஏறிட்டா?”

“ஏறிட்டு. பயப்படாதே.”

மதியத்துக்குள் வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் புதுசு மாதிரி எழும்பியது. பென் டிரைவைச் செருகி ‘சத்தம்’ மேல் கிளிக் செய்தேன்... ஃபைல் இல்லை என்றது.

நான் ஏற்றியது வெறும் ஷார்ட்கட். வீட்டுக்கு வழி காட்டும் பலகையைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, வீட்டை இடித்திருக்கிறேன்!

ரெஜினா திரையைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை. எந்த நாளில் ஃபார்மட் அடிப்பது என்று ஆயிரம் யோசிக்கிறோம். எடுத்து வைத்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் ஒதுக்குகிறோமா?

சாட்டைத் திறந்து கொடுத்தேன். அருளப்பன் வந்தார். ஒரு எழுத்து உடையாமல் வந்தார்.

“என்னட்டி, எதுக்கு அழுவுத?”

சொன்னாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “இதுக்காக்கும் அழுகை? நான் சாவல்லியே! இப்ப சொல்லுதேன், பதிஞ்சுக்கோ.”

அவருக்குப் பின்னாலிருந்து அறை நண்பர் ஒருவரின் குரல்: “லேய், நீ பெண்டாட்டிட்ட பேசதுக்கு ரூமையே எழுப்பாதல!”

மைக்கை ஸ்பீக்கர் பக்கம் பிடித்துப் பதிந்தேன். பழையபடி பொருத்தி, ரீஸ்டார்ட் கொடுத்தேன். திரை எழும்பும் முன்பே, நண்பர்களின் சிரிப்பும் சேர்ந்து வந்தது — “ஏட்டி, தின்னியா?”

“இனிமத்தான்” என்று கண்ணைத் துடைத்தாள் ரெஜினா. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

திரும்பி வரும்போது கையில் இரண்டு தட்டு இருந்தது.