முன்வரிசையும் பாட்டுப்பெட்டியும்

சீனாவின் லுவோயாங் நகரப் பஞ்சாலையில் பல வருடம் மேஸ்திரியாக இருந்தவள் தாவ் ஷூசென். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாளே தவிர, அவளுடைய அதட்டல் ஓய்வு பெறவில்லை. ஆலைக்குப் பதில் நீரூற்றுச் சதுக்கம், தறிக்காரிகளுக்குப் பதில் மாலையில் ஆட வரும் பெண்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சக்கரம் வைத்த பாட்டுப்பெட்டியை அவள்தான் இழுத்து வருவாள். பெட்டிக்காரிதான் முன்னால் நின்று ஆடுவாள்; மற்றவர்கள் அவள் முதுகைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். அந்த ஊர்ச் சதுக்கங்களில் அதுதான் வழக்கம்.

ஒரு மாலை, நடுப்பாட்டில் அந்தப் பெட்டி கரகரவென்று இருமிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புதுசா வாங்கிடலாம் அக்கா," என்றாள் இரண்டாம் வரிசை பெய் லின். சந்தோஷத்தை மறைக்கக்கூட அவளுக்குத் தெரியவில்லை.

"என் பெட்டி செத்தா நீ ஏண்டி பட்டாசு வெடிக்கிற?"

"எத்தனை தடவைதான் ரிப்பேர் பண்ணுவீங்க?"

"நூறு தடவை பண்ணுவேன். என் பெட்டி, என் இஷ்டம்."

எல்லோர் காசிலும் வாங்கினால் பெட்டி எல்லோருக்கும் சொந்தமாகிவிடும். அப்புறம் முன்வரிசைக்கு முறை வைப்பார்கள். பெய் லின்னின் முதுகைப் பார்த்து ஆடுவதைவிடக் காலை ஒடித்துக்கொண்டு வீட்டில் கிடக்கலாம் என்று ஷூசென்னுக்கு எரிந்தது.

ரிப்பேர் கடைக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"போர்டு கருகிப்போச்சு. பேட்டரியும் அவுட்டு. பேசாம புதுசு வாங்கிடுங்க."

"உன்கிட்ட யோசனையா கேட்டேன்? சரிபண்ணத் தெரியுமா, தெரியாதா?"

அவன் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தான்.

மறுநாள் மாலை ஷூசென் பெட்டியோடு தலையை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். "ஒழுங்கா நில்லுங்க, இது சந்தைக்கடை இல்ல," என்று அதட்டிவிட்டுத் திரும்பி நின்று பாட்டைப் போட்டாள். சதுக்கமே அதிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற திமிரில் அவள் இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினாள்.

முன்னால் ஆடுகிறவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டின் பாதியில் எல்லோரும் சுற்றித் திரும்பும் அடி வந்தபோதுதான் அவளும் திரும்பினாள்.

பின்னால் வெறும் தரை. நீரூற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு புதுப் பெட்டிக்கு முன்னால் அத்தனை பேரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கக் கம்பியில் மாட்டியிருந்த மேலங்கியை எடுக்க வந்த பெய் லின் மட்டும் நின்றாள். ஷூசென் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினாள்.

"என் பெட்டிக்கு என்னடி குறை?"

"ஒரு குறையும் இல்ல. கணீர்னு பாடுது," என்றாள் பெய் லின், மேலங்கியை உதறிக்கொண்டே. "பழசும் நல்லாத்தான் பாடிச்சு. பெட்டிக்காகவா புதுசு வாங்கினோம்னு நெனச்சீங்க? உங்க வாய்க்குப் பயந்து இத்தனை நாள் யாரும் சொல்லல."

சொல்லிவிட்டு அவள் நீரூற்றைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஷூசென் பாட்டை முதலிலிருந்து போட்டு, சத்தத்தை முழுக்கத் திருகினாள். "போனா போங்கடி!" என்று கத்தினாள். அது அவளுக்கே கேட்கவில்லை.