கைப்பாரா மூடுபனியில் ஒரு வாத்து வேட்டை

மே மாத முதல் சனிக்கிழமை நியூசிலாந்தில் வாத்து வேட்டைப் பருவம் தொடங்குகிறது. இந்த வருடம் அன்றைக்கு நானும் போனேன், சுடுவதற்கு அல்ல, படம் எடுக்க. பறவைகளைப் படம் எடுக்கிறவனுக்கு வேட்டையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

ஏப்ரலில் ஒரு பிறந்தநாள் விருந்தில் கௌரி அக்காவைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது, முதியோர் இல்லத்தில் நர்ஸ். பதினொரு வருடமாக வாத்து சுடுகிறாராம். “கடல் வாத்து பார்க்கோணுமெண்டால் வாரும் தம்பி,” என்றார். சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் இழுபறியானது. பிரியாணி சாப்பிடுகிறவன் வாத்துக்காகக் கலங்குவதில் என்ன நியாயம் என்று ஒரு பக்கம் தோன்றியது. சாவதைப் போய் வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று இன்னொரு பக்கம்.

நான் குடியிருக்கும் பாபடோயிட்டோயிலிருந்து காலை 4.20க்குக் கிளம்பினேன். வெஸ்ட்கேட்டில் அக்கா வீட்டுக்கு 35 நிமிடம். அங்கிருந்து அவர் காரில் வடக்கே ஹெலன்ஸ்வில் தாண்டி, கைப்பாரா உள்கடலின் ஓரத்தில் ஒரு பண்ணை. 45 நிமிடம் ஆனது. பண்ணைக்காரரிடம் அக்கா முன்பே அனுமதி வாங்கியிருந்தார். எனக்கு ஆன செலவு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸுக்கு 35 டாலர், பெட்ரோலுக்கு 30 டாலர்.

காரை விட்டுச் சேற்றுவெளியில் அறுநூறு மீட்டர் நடக்க 25 நிமிடம் பிடித்தது. ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. சேற்றின் நடுவே ஒரு வாய்க்கால். அதன் ஓரத்தில் மரச்சட்டமும் காய்ந்த புல்லும் வைத்துக் கட்டிய மறைப்பு. இங்கே அதற்கு மைமாய் என்று பெயர். வாய்க்காலில் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டுவிட்டு உட்கார்ந்தோம். 6.30க்கு முன் சுடக்கூடாது. சரியாக 6.30க்கு நாலா பக்கமும் வெடிச்சத்தம் கிளம்பியது.

முதலில் வந்த வாத்துகளைப் பார்த்து எனக்கு ஏமாற்றம். பூங்காக் குளத்தில் ரொட்டிக்கு ஓடிவரும் அதே பச்சைத்தலை வாத்து.

“அக்கா, கடல் வாத்துன்னு சொன்னீங்களே?”

“குளங்களில வெடி கேட்டவுடன இதுகள் கடலுக்கு ஓடி வரும். கடலில நிண்டால் கடல் வாத்துத்தானே,” என்றார் அக்கா, சிரிக்காமல்.

அடுத்து சின்னதாகச் சாம்பல் நிறத்தில் ஆறேழு பறந்து வந்தன. நான் கைகாட்டினேன். அக்கா துப்பாக்கியை இறக்கிவிட்டார். “அது பாதுகாக்கப்பட்ட இனம். தொடக்கூடாது.” என் கண்ணுக்கு அதுவும் சுடக்கூடிய வாத்தாகவே தெரிந்தது.

8.15க்குள் இரண்டு வாத்து விழுந்துவிட்டது. மூன்றாவது அடிபட்டு, கொஞ்ச தூரம் தள்ளி விழுந்து சேற்றில் ஓடியது. “காயப்பட்டதை விட்டிட்டுப் போகேலாது. நீர் இதிலேயே நில்லும்,” என்று சொல்லிவிட்டு அக்கா அதன் பின்னால் போனார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்ப் பக்கமிருந்து மூடுபனி வந்து கவிந்தது. இரண்டு நிமிடத்தில் அக்காவைக் காணவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கேமரா, போன் எல்லாவற்றையும் மறைப்பிலேயே போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன்.

அவரைக் கண்டுபிடித்தபோது வாத்தின் கழுத்தைத் திருகி முடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. “நில்லும் எண்டனான் எல்லோ? நீர் அங்க நிண்டிருந்தால் உம்மட குரலைப் பிடிச்சு வந்திருப்பன்.”

மறைப்பு எந்தப் பக்கம் என்று இருவருக்கும் தெரியவில்லை. அக்காவின் போன் காரில். வலப்பக்கம்தான் கரை என்று நான் சத்தியம் செய்யாத குறை. அவர் இடப்பக்கம் என்றார். தொலைந்தால் மூன்று வெடி போட வேண்டும் என்பது வழக்கம், போட்டார். ஆனால் அன்று எல்லோரும்தான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மூன்றை யார் எண்ணப் போகிறார்கள்? கடலோ ஏறத் தொடங்கியிருந்தது. சேற்றின் மேல் பளபளவென்று ஒரு படலம், பிறகு கணுக்கால், பிறகு கெண்டைக்கால்.

அக்கா துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, வாத்திலிருந்து ஒரு இறகைப் பிடுங்கித் தண்ணீரில் போட்டார். அது மெல்ல நகர்ந்தது. “தண்ணி ஏறுது. ஏறுற தண்ணி கரைக்குத்தான் போகும். இதுக்குப் பின்னால நடவும்.” இறகு போனது நான் சொன்ன பக்கமும் இல்லை, அவர் சொன்ன பக்கமும் இல்லை.

அரை மணி நேரம் நடந்திருப்போம். தண்ணீர் பூட்ஸுக்குள் புகுந்துவிட்டது. அக்கா வாத்துக் கறிக்கு மிளகு எவ்வளவு போட வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று மிக அருகில் ஒரு வெடி. அடுத்த கணம் அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்துத் தண்ணீரில் இழுத்துப் போட்டுத் தானும் குந்தினார். “சுடாதேங்கோ! சுடாதேங்கோ! நாங்கள் இஞ்ச நிக்கிறம்!” என்று கத்தினார். அது அதுவரை நான் கேட்ட அவர் குரல் இல்லை.

வெடிச்சத்தம் நின்றது. பனிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில், யாரது, அடிபட்டதா என்று கேட்டது. நான்தான் பதில் சொன்னேன். முப்பது அடி தள்ளிக் கரை இருந்தது. தன் மறைப்பில் இருந்தபடி, மேலே பறந்த வாத்தைச் சுட்ட பக்கத்துப் பண்ணைக்காரர் அவர். பத்துத் தடவையாவது மன்னிப்புக் கேட்டார். எங்கள் கார் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றது. தன் வண்டியில் கொண்டுபோய் விட்டார். மாலை தண்ணீர் வற்றியதும் மறைப்பிலிருந்த என் பையையும் எடுத்துக் கொடுத்தார். கேமராவும் போனும் உப்புத்தண்ணீரில் பாழாகியிருந்தன. அதிகாலையில் எடுத்த படங்கள் மட்டும் தப்பின.

போக நினைக்கிறவர்களுக்கு: சுடுவதற்குத் துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் வேண்டும், வேடிக்கை பார்க்கத் தேவையில்லை. நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். கடல் ஏறும் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனும் திசைகாட்டியும் நீர் புகாத உறையில் உங்கள் உடம்பிலேயே இருக்கட்டும். நில் என்று சொன்னால் நில்லுங்கள்.

மறுபடி போவேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தெரியவில்லை. மறுநாள் அக்கா வீட்டில் வாத்துக் கறி சாப்பிட்டேன், இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பாத்திரம் கழுவும்போது அக்கா கேட்டார்: “அந்த ஆள் ஏன் எனக்குப் பதில் சொல்லாமல் உம்மோடயே கதைச்சவர்?”

“நீங்க தமிழ்லல்ல கத்துனீங்க, அக்கா.”

குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “இல்லைத் தம்பி. நான் இங்கிலீசிலதான் சொன்னனான்.”

“சரி அக்கா,” என்று கழுவிய தட்டைத் துடைக்க எடுத்தேன். அந்தச் “சுடாதேங்கோ” இன்னும் என் காதில் இருந்தது.