மூன்றாம் கொப்பியில் புள்ளடிகள்

எங்கள் வீட்டில் அந்த நிகழ்ச்சிக்குக் ‘கதவு’ என்று பெயர். வைத்தவர் அப்பா. ஆங்கிலத்தில் அதற்கு நீளமான பெயரொன்று இருந்தது. அதைச் சொல்ல அவர் ஒருநாளும் முயன்றதில்லை. ஆறு பேர் நீண்ட மேசையொன்றின் பின்னால் நிற்பார்கள். நடத்துபவர் கேள்வி கேட்பார். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆகக் குறைவாகச் சரி சொன்னவர், எல்லோருக்கும் கைகாட்டிவிட்டுப் பின்னாலிருக்கும் நீலக் கதவால் வெளியே போவார். ஐந்து பேர் போனபின் மிஞ்சுகிறவர் வென்றவர். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஐந்து மணிக்கு இது நடக்கும்.

2009இல் எனக்குப் பத்து வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிங்ஸ்பரியில் வாடகை வீடு. அப்பாவுக்குப் பழங்கள் இறக்கும் களஞ்சியமொன்றில் விடியப்புற ஷிப்ட். அவர் வந்து படுத்து எழும்பும் நேரமும் நான் பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரமும் ஒரு நாளில் ஒரே ஒரு இடத்தில்தான் சந்தித்தன. அந்த இடம் தொலைக்காட்சி முன்னாலிருந்த மெத்தை இருக்கை, செற்றி. அந்த நேரம் ‘கதவு’.

அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். களஞ்சியத்துக்குப் போதுமான ஆங்கிலம் அவரிடம் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி பற்றிக் கேட்கும் ஆங்கிலத்துக்கு அது காணாது. ஆகவே கேள்வி வந்ததும் என் பக்கம் திரும்பி, “என்னவாம்?” என்பார். நான் சொல்லுவேன். பதிலையும் சொல்லுவேன். தெரியாத இடத்தில் கேள்வியைக் கொஞ்சம் இலகுவாக்கிச் சொன்னதும் உண்டு. ஒரு வளர்ந்த மனிதர், அதுவும் என் அப்பா, நான் வாய் திறக்கும்வரை காத்திருந்தார். அந்த ருசியை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

இது போதாதென்று நான் ஆவணக்காரனாகவும் இருந்தேன். என்னிடம் மூன்று கொப்பிகள் இருந்தன. முதலாவதில் இந்த நாட்டுத் தொலைக்காட்சிப் போட்டிகளின் வரலாறு: எது எப்போது தொடங்கியது, யார் நடத்தினார், எந்தத் தொடரில் விதி மாறியது, எந்தத் தொடரில் இசை மாறியது. நூலகத்தில் கிடைத்ததும், பள்ளிக்கூடத்துக் கணினியில் அகப்பட்டதும், வயதான பக்கத்து வீட்டுப் பெண்மணியை மதிலோரம் மறித்துக் கேட்டதும் அதில் இருந்தன. இரண்டாவதில் சில்லைச் சுழற்றும் போட்டி, மணிக்கூட்டோடு ஓடும் போட்டி முதலான சில்லறைகள். மூன்றாவது முழுக்க முழுக்கக் ‘கதவு’க்கு. அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, நாள், நடத்துபவரின் கழுத்துப்பட்டி நிறம், ஆட்களின் பெயர், தொழில், ஊர், விழுத்திய கேள்வி என்று பத்தி பத்தியாகப் பிரித்திருந்தேன். தொலைக்காட்சி நிலையம் என்றாவது எரிந்துபோனால் மறுநாளே கிங்ஸ்பரிக்கு ஆள் அனுப்புவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கடைசிப் பத்தி அப்பாவுடையது. போட்டியாளர்களுக்கு அவர் வைக்கும் பெயர்களை அதில் எழுதுவேன். ‘பல்லன்’, ‘கோவக்காரி’, ‘எங்கட மனேச்சர் மாதிரி’. “எழுது அப்பன், எழுது, பிறகு மறந்துபோவாய்” என்று அவசரப்படுத்துவார். ‘அப்பன்’ என்பது அவர் எனக்கு வைத்திருந்த செல்லப்பெயர்.

அந்த வருடம் பெரியம்மா ஆக்கள் ஜெர்மனியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று, இருந்த வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள். வீடு கிடைக்கும்வரை எங்கள் முன்னறையில் இருந்தார்கள். பெரியம்மாவின் மகன் என்னைவிட மூன்று வயது மூத்தவன்; அண்ணா. அவனுக்கு ஜெர்மன் பாஷை தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இடம் தருவதாக உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து கடிதம் வரவேண்டியிருந்தது. அது வரும்வரை பகல் முழுக்க வீட்டில் கிடந்தான். காலையில் நான் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஜன்னலில் நிற்பான். பாவமாக இருந்தது. பாவப்படுவதற்கு ஒருவன் கிடைத்தது நல்லாகவும் இருந்தது.

முதல் நாலைந்து நாள் ஐந்து மணிக்கு எங்கள் காலடியில் கம்பளத்தில் இருந்து பேசாமல் பார்த்தான். அப்பா “என்னவாம்?” என்றதும் நான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னேன். என் சபை பெரிதாகியிருந்தது.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அவன் திரும்பாமலே சொன்னான். “சித்தப்பா, உந்தக் கண்ணாடிக்காரர் இப்ப போயிடுவார்.”

நான் சிரித்தேன். கண்ணாடிக்காரர் அதுவரை ஒரு கேள்வியும் பிழைவிடவில்லை. கொப்பி என் மடியில் இருந்தது. அடுத்த சுற்றில் அவர் மூன்று கேள்விகளை வரிசையாகக் கோட்டைவிட்டு, கைகாட்டிவிட்டுக் கதவால் போனார்.

அப்பா தொடையில் அடித்துச் சிரித்தார். “எப்பிடியடா?”

“முகத்தில தெரிஞ்சுது.”

அன்றிலிருந்து அதுவே விளையாட்டாகிவிட்டது. சுற்றுத் தொடங்குமுன் அண்ணா ஒரு ஆளைச் சொல்லுவான், அப்பா ஒரு ஆளைச் சொல்லுவார். குரல்வளை ஏறி இறங்குவதை, சிரிப்பு கண்ணுக்குப் போகாமல் நிற்பதை, விரல் மேசையைச் சுரண்டுவதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அப்பா அவனை எழுப்பிச் செற்றியில் இருத்தினார். மிக்சர்த் தட்டு எனக்கு எட்டாத மடிக்குப் போயிற்று. ஒருநாள், கேள்வி அவர்களுக்கு இடைஞ்சலாய் இருந்ததாலோ என்னவோ, அப்பா சொன்னார்: “சத்தத்தை நிப்பாட்டு அப்பன். அண்ணா முகத்தைப் பாக்கட்டும்.”

“அப்ப நான் கேள்வியை எழுத ஏலாதே!”

“முகத்தைப் பாத்து எழுதன்.”

ரிமோட்டை அமத்தியவன் நானேதான். மூன்றாம் கொப்பியில் அந்த வாரங்களில் ‘விழுத்திய கேள்வி’ என்ற பத்தி வெறுமையாகக் கிடக்கிறது. என் வயிற்றில் எரிந்ததை எழுத எந்தப் பத்தியும் கீறியிருக்கவில்லை. ஆங்கிலம் தெரியாத இருவர், ஆங்கிலமே தேவைப்படாத ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “என்னவாம்?” என்ற சொல் எங்கள் செற்றியை விட்டுப் போய்விட்டது. அம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்று, “இந்த மனிசனுக்கு இவ்வளவு பல்லு இருக்கிறது எனக்கு இப்பதான் தெரியும்” என்றா. ஒருநாள் அப்பா அவனையும் “அப்பன்” என்று கூப்பிட்டார். அன்று எனக்குப் பசிக்கவில்லை.

“சொல்லு பாப்பம், இதை எங்க பழகினனீ?” என்று அப்பா அவனிடம் கேட்டது நினைவிருக்கிறது.

“அங்க போன புதுசில அம்மாவோட அகதிகள் ஒபிசுக்குப் போவன், சித்தப்பா. என்ன கதைக்கினம் எண்டு ரெண்டு பேருக்கும் விளங்காது. மேசைக்குப் பின்னால இருக்கிற மனிசி எங்கட கடதாசியைப் பாக்கேக்க அவவின்ர வாயைப் பாப்பன். இல்லை எண்டு சொல்லப்போறா எண்டால் முதலே தெரியும். அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொள்ளுவன்.”

“ஓமடா” என்றார் அப்பா. “எனக்கு அந்த மேசை தெரியும்.” எனக்கு அந்தக் கதை அலுப்பாக இருந்தது. மேசையா, வாயா, யார் அந்த மனிசி? போட்டியோடு அதற்கு என்ன தொடர்பு என்று நினைத்தேன்.

அவன் குருட்டாம்போக்கில் சொல்கிறான், சரிவந்ததை மட்டும் அப்பா நினைவில் வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். ஆவணம் என்பதே அதற்குத்தானே? கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு மெல்லிய பத்தி கீறினேன். நாளுக்கு ஒன்று: அண்ணா முதலில் சொன்ன ஆள் போனால் சரி அடையாளம், போகாவிட்டால் புள்ளடி. நேர்மையாகத்தான் போட்டேன். பதினாலு நாள் போட்டபின் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று சரி, மூன்று புள்ளடி.

மறுநாள் மதிய இடைவேளையில் கொப்பியைப் பள்ளிக்கூடத்து நூலக மூலைக்குக் கொண்டுபோனேன். எட்டுச் சரிகளின் குறுக்கே ஒவ்வொரு கோடு இழுத்தேன். சரியைப் புள்ளடியாக்க ஒரு கோடு போதும். ஒவ்வொன்றிலும் குட்டி வாலொன்று மிஞ்சும், அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துத் திருந்திய பிள்ளைக்குத்தான் பேனா பிடிக்க அனுமதி; மற்றவர்களுக்குப் பென்சில். எனக்கு அனுமதி கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பென்சிலில் இருப்பது தற்காலிகம், பேனாவில் இருப்பதே உண்மை என்று நம்பியிருந்தேன். ஆகவே அந்த எட்டுக் கோடுகளையும் நீலப் பேனாவால், அழுத்தமாக இழுத்தேன்.

ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியின் முன்னால், நடத்துபவர் நிற்கிற மாதிரி நின்றேன். பின்னால் சத்தமில்லாமல் ஆறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, நான் எழுதி வைச்சனான். அண்ணா சொன்னதில மூண்டுதான் சரி. பதினொண்டு பிழை.”

அப்பா கையை நீட்டினார். அவர் என் கொப்பியைக் கையில் வாங்கியது அதுவே முதல் தடவை. ஆங்கிலப் பத்திகளை அவர் தொடவில்லை. நேராக ஓரத்துக்குப் போய், மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டு வந்தார். பெட்டிகள் வந்ததா வரவில்லையா என்று சரியும் புள்ளடியும் பார்ப்பதுதான் களஞ்சியத்தில் அவருடைய வேலை. விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு இன்னோரிடத்தில். கொப்பியை அண்ணாவிடம் கொடுத்தார்.

அண்ணா நெடுநேரம் பார்த்தான்.

“என்னவாம்?” என்று அம்மா குசினி வாசலிலிருந்து கேட்டா.

“ஓம் சித்தப்பா,” என்றான் அண்ணா. “நான் கனக்கப் பிழை விட்டனான் தான். தம்பி எழுதினது சரி.”

“கொப்பியில அப்பிடிக் கிடந்தால் அப்பிடித்தான்” என்றார் அப்பா. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

நான் வென்றேன். மறுநாள் ஐந்து மணிக்கு அண்ணா குசினியில் அம்மாவுக்கு வெங்காயம் வெட்டிக் கொடுத்தான். அதற்கு அடுத்த நாள் பெரியப்பாவோடு வீடு பார்க்கப் போய்விட்டான். செற்றியும் மிக்சர்த் தட்டும் “என்னவாம்?”உம் எனக்குத் திரும்பி வந்தன. நான் ஒரு கேள்வி விடாமல் மொழிபெயர்த்தேன். அப்பா தலையாட்டிக் கேட்டார். ஆட்களுக்குப் பெயர் வைப்பதை எப்போது நிறுத்தினார் என்று அப்போது கவனிக்கவில்லை. கொப்பியில் இப்போது பார்த்தால் நாள் தெரிகிறது. சில நாள் இரண்டாம் சுற்றிலேயே அவருக்குக் கண் சொருகிவிடும். எழுப்பாமல் நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பத்துக் கிழமையில் பெரியம்மா ஆக்களுக்கு ஹரோவில் வீடு அகப்பட்டது. அந்தக் காலத்து ஆவணம் ஒரு குறையும் இல்லாதது.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். இப்போதும் இந்த வேலையை விடவில்லை. பழைய போட்டி நிகழ்ச்சிகளின் விவரங்களைச் சேர்த்து இணையத்தில் வைக்கும் சிலரோடு நானும் ஒருவன். ‘கதவு’ இரண்டே தொடரோடு நின்றுபோனது. அதைப் பற்றி யாரிடமும் அதிகம் இல்லை. சென்ற மாதம் மூன்றாம் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினேன். ஒருவர் நன்றி சொல்லி எழுதிவிட்டு, ஓரத்துப் பத்தி எதைக் குறிக்கிறது, சாம்பல் நிறச் சரிகளின்மேல் பிறகு யாரோ நீல மையால் கோடு போட்டிருக்கிறார்களே என்று கேட்டிருந்தார். கேள்வியை அவர் கேட்ட விதத்தில் குற்றச்சாட்டே இல்லை. கண் உள்ள எவருக்கும் தெரிவதைத்தான் கேட்டிருந்தார். அது நிகழ்ச்சியைச் சேர்ந்ததல்ல, வீட்டைச் சேர்ந்தது என்று பதில் எழுதினேன்.

எழுதி அனுப்பியபின் அந்த மாலையை மறுபடி யோசித்துப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டுமுன் ஒரு கணம் இருந்தது. செற்றியில் அப்பாவும் அண்ணாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இருவருமே தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற என் முகத்தைப் பார்த்தார்கள். வாயை, தொண்டையை, கொப்பியைத் திருப்பி வாங்க நீட்டிய விரல்களை. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னறையில் படுக்கை விரித்திருந்த பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஆவணத்துக்குக் கடைசியில் மரியாதை கிடைத்துவிட்டது என்று நினைத்து, நான் நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.