சூடு காட்டக் கூடாத வண்டி

டீசல் லாரியின் புகைக்குழாய் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. வண்டியோடு தருகிற கையேட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் எங்கும் நிற்காமல், சீரான வேகத்தில், விளக்கு அணையும்வரை ஓட்ட வேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால், தீப்பற்றக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில் நிறுத்தி, அதற்கென்று உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நல்ல விதி. எழுதியவர் சிவகாசிப் பக்கம் வந்ததில்லை என்பதைத் தவிர அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நான் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விதிகளை அடுத்தவர்களுக்கு எடுத்துச் சொல்லியே பிழைத்தேன். என் தம்பி அவற்றின்படி வண்டி ஓட்டிப் பிழைத்தான். ஒரே ஒரு லாரி. அவனே முதலாளி, அவனே டிரைவர். வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியிலிருந்து சிவகாசிக்கு வெளியே உள்ள குடோனுக்கு லோடு அடிப்பான். தூரம் குறைவு. ஏற்றியிருப்பது வெடி என்பதால் வேகமும் குறைவு. சீசனில் வண்டி நின்றுபோனால் கம்பெனி வேறு வண்டியை வைத்துக்கொள்ளும், பிறகு கூப்பிடாது. அந்த ஒரு வேலை போனால் அந்த ஒரு லாரியும் போய்விடும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

வடிகட்டி, புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடித்த கரியை எரித்துத் தீர்க்க அதற்குக் கடும் சூடு வேண்டும். நீண்ட ஓட்டத்தில் அந்தச் சூடு தானாக வரும். குறுகிய, மெதுவான ஓட்டத்தில் வராது. அப்போது வண்டியே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலவழித்துச் சூட்டை ஏற்றப் பார்க்கும். வேண்டாம் என்று தடுப்பதற்கும் ஒரு பொத்தான் உண்டு.

கம்பெனி வாசலில் இருந்த வழக்கம் இதற்கு நேர் எதிர். தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டபின், வாட்ச்மேன் ஓர் ஈரச்சாக்கைக் கொண்டுவந்து சைலன்சர் மேல் போடுவார். ஆவி எழும்பினால் வண்டி உள்ளே போக முடியாது. அப்படி ஒரு சோதனை எந்தச் சட்டத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் நானும் வண்டியில் இருந்தபோது சாக்கிலிருந்து புஸ்ஸென்று கிளம்பியது.

"என்ன அண்ணாச்சி, இட்லிக் கொப்பரைய ஓட்டிட்டு வந்திருக்கீக?" என்றார் வாட்ச்மேன்.

"ரோட்டுலதான வந்தேன். ஆகாசத்துலயா வந்தேன்?" என்றான் தம்பி.

"ஆகாசத்துக்குப் போறது இங்கன ரொம்ப லேசு. உள்ள அம்புட்டு மருந்து கெடக்கு. ஓரமாப் போட்டு ஆற விடுங்க."

ஆற விட்டால் ஒரு நடை குறையும். ஆகவே அந்த வாசலுக்கு வருகிற எல்லா டிரைவர்களும் செய்ததைத்தான் தம்பியும் செய்தான். காலையில் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அடுத்த வேலையாகத் தடுப்புப் பொத்தானை அழுத்துவான். வண்டி ஒருநாளும் சூடாகவில்லை. கரி உள்ளேயே சேர்ந்தது.

விளக்கு எரிய ஆரம்பித்ததும் கையேட்டைப் படித்துவிட்டு நான் ஒரு ஏற்பாடு சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை லோடு கிடையாது. வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு சாத்தூர் போய், நான்குவழிச் சாலையில் கோவில்பட்டி வரை ஒரே வேகத்தில் ஓட்டுவது.

"ஏண்ணே, வெறும் வண்டிக்கு டீசல் ஊத்திக் காத்து வாங்கப் போறோம். பாத்தா சிரிக்க மாட்டாக?"

"சிரிக்கட்டும்லே. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"புஸ்தகம் போட்டவன் டீசல் ஊத்துவானா?"

கோவில்பட்டி வருவதற்குள் விளக்கு அணைந்தது. அவன் அதற்கப்புறம் கேலி செய்யவில்லை. ஞாயிறுதோறும் போய்வந்தோம்.

சீசன் பிடித்ததும் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போயிற்று. பட்டாசு ஏற்றிக் குறுகிய தூரம் ஓடும் வண்டியில் வடிகட்டியைச் சுத்தம் செய்ய முறை என்ன என்று, வண்டியைச் செய்த நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கேட்டு எழுதினேன். கடிதம் கிடைத்ததற்கான ஒப்புகை அட்டை உடனே வந்தது. நினைவூட்டல்களுக்கும் அட்டை வந்தது. அட்டை அனுப்புவதில் அவர்களை மிஞ்ச முடியாது.

புரட்டாசியில் ஒரு பகல். ஆலங்குளம் சாலையில் வண்டி நிற்கிறது என்று தம்பி கூப்பிட்டான். பைக்கில் போனேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இழுவை சுத்தமாகக் குறைந்திருந்தது. பின்னால் முழு லோடு. பணிமனையிலிருந்து போனில் சொன்னார்கள்: இப்போதே நிறுத்திவைத்துக் கரியை எரிக்கும் பொத்தானை அழுத்தினால் வடிகட்டி ஒருவேளை பிழைக்கும், இன்னும் ஓட்டினால் புதிதுதான் மாட்ட வேண்டும்.

சுற்றிலும் பார்த்தேன். உழுது போட்ட கரிசல். வீடு இல்லை, ஷெட் இல்லை, காய்ந்த புல்கூட இல்லை.

"என்னண்ணே சொல்றீக?"

"விதிப்படி பாத்தா, பக்கத்துல எதுவும்..."

"பக்கத்துல இல்லண்ணே. மேலயே இருக்கு."

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினான். புது வடிகட்டி மாட்ட அவனிடம் பணமில்லை, இன்னொரு வண்டி வாங்கவும் முடியாது. அதை அவனே அமைதியாகச் சொன்னான். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டு, வேறு வண்டி அனுப்பச் சொன்னான். எங்கள் ஊர்ப்பக்கம் தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால், விசேஷ வீடா விபத்தா என்று வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். அன்று பெட்டிகளை வண்டி மாற்றி முடிக்கும்வரை யாரும் சத்தமாகப் பேசக்கூட இல்லை. லோடு பத்திரமாகப் போயிற்று. ஏற்றிக்கொண்டு போன வண்டி மறுநாளும் கம்பெனி வாசலில் நின்றது, அதற்கடுத்த நாளும்.

வண்டி காலியானபின் பொத்தானை அழுத்திப் பார்த்தும் விளக்கு அணையவில்லை. வடிகட்டியைக் காப்பாற்ற முடியாது என்றார்கள் பணிமனையில். முறையாக ஓட்டாததால் வந்த பழுது என்று சொல்லி, உத்தரவாதத்திலும் சேர்க்கவில்லை. தீபாவளிக்கு முன்பே லாரியைத் திருநெல்வேலிக்காரர் ஒருவருக்குப் பழுதோடு கொடுத்துவிட்டான். அவருக்கு வடக்கே தூர ஓட்டம். புது வடிகட்டி நன்றாக உழைக்கும். தம்பி இப்போது வேறொருவரின் பழைய லாரியை ஓட்டுகிறான். அதில் வடிகட்டியே கிடையாது.

நிறுவனத்தின் பதில் ஒரு பொறியாளரின் கையெழுத்தோடு வந்தது. நல்ல பதில். இத்தகைய வண்டிகளுக்குச் சீசன் தொடங்குமுன்னும் நடுவிலும் வடிகட்டியைப் பணிமனையில் கழற்றி இயந்திரத்தில் சுத்தம் செய்யலாம். வண்டியைச் சூடேற்றத் தேவையில்லை. தங்கள் வண்டிக்கு இலவசமாகவே செய்து தருகிறோம் என்று எழுதியிருந்தார். என் பணிக்காலம் முழுவதும் இத்தனை தெளிவாக நான் யாருக்கும் பதில் எழுதியதில்லை. தம்பி இரண்டு முறை படித்தான். "நல்லாத்தான் எழுதியிருக்காக" என்று திருப்பிக் கொடுத்தான்.

அது வந்து சேர்ந்த நாள், தீபாவளியும் முடிந்து, கார்த்திகை முதல் தேதி.